பெரியப்பா பெயருக்கு 54 லட்சம் ஓட்டு

ஆட்சியைப் பிடிக்கக் கிளம்புகிறவர் கையோடு என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? 1840 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து வாடகைக் கப்பலில் பிரான்சுக்குப் புறப்பட்ட லூயி நெப்போலியன் போனபார்ட் எதையும் மறக்கவில்லை. ஐம்பது அறுபது ஆட்கள். அதில் பலர் அவர் வீட்டு வேலைக்காரர்கள். அவர்களுக்கு மாட்டிவிடப் பிரெஞ்சு ராணுவச் சீருடைகள். குதிரைகள். தாகசாந்திக்குப் பெட்டி பெட்டியாகச் சரக்கு. 'பழைய ஆட்சி போயிற்று, நான் வந்துவிட்டேன்' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்த நோட்டீஸ் கட்டுகள். எல்லாவற்றுக்கும் மேல், கூண்டில் ஒரு கழுகு.

கழுகு எதற்கு என்று கேட்பவருக்கு அரசியல் தெரியாது. பெரியப்பாவின் படைக் கொடிகளில் உட்கார்ந்திருந்தது கழுகு. வாரிசு கரையில் கால் வைக்கும்போது தலைக்கு மேலே ஒரு கழுகு வட்டமிட்டால் எப்படி இருக்கும்! அதற்காகவே தொப்பிக்குள் பன்றிக்கறித் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள் என்று அப்போதே ஒரு கதை உலவியது. கதையில் மசாலா கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் கப்பலில் பறவை இருந்தது நிஜம். அது கழுகே இல்லை, பிணந்தின்னி என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

பெரியப்பா என்றால் சாட்சாத் நெப்போலியன். இந்த உறவைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லூயியின் அப்பா, நெப்போலியனின் தம்பி. லூயியின் அம்மா ஒர்த்தான்ஸ், நெப்போலியனின் மனைவி ஜோசஃபினுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகள். ஆக, அதே மனிதர் அப்பா வழியில் பெரியப்பா, அம்மா வழியில் தாத்தா முறை. இரண்டு பக்கமும் இப்படி முடிச்சுப் போட்டிருந்தும், 'பையனுக்கு போனபார்ட் ஜாடையே இல்லையே' என்று பாரிஸில் வாய் மென்றவர்கள் ஏராளம். பையன் வளர்ந்தது ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும். பிரெஞ்சு பேசினால் ஜெர்மன் வாடை அடிக்கும். குட்டைக்கால், நீள உடம்பு, பாதி மூடிய கண். சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது பெயர் ஒன்றுதான்.

போலோன் துறைமுகத்துக்கு வருவோம். விடிகாலையில் இறங்கினார்கள். படைமுகாமுக்குள் போய், 'வீரர்களே, நான்தான் நெப்போலியனின் வாரிசு' என்றார் லூயி. தூக்கக் கலக்கத்தில் இருந்த சிப்பாய்கள் திருதிருவென்று விழித்தார்கள். அதற்குள் அவர்களுடைய கேப்டன் ஓடிவந்து 'வெளியே போ' என்றார். தள்ளுமுள்ளு. லூயியின் கைத்துப்பாக்கி வெடித்து, சம்பந்தமே இல்லாத ஒரு சிப்பாயின் வாயில் குண்டு பாய்ந்தது. ஊரே திரண்டு துரத்த, புரட்சிப் படை கடற்கரைக்கு ஓடியது. ஏறிய படகு கவிழ்ந்தது. வருங்காலச் சக்கரவர்த்தியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் போட்டார்கள். கழுகு கடைசிவரை கப்பலை விட்டு இறங்கவே இல்லை. கூட்டத்தில் புத்திசாலி அது ஒன்றுதான்.

முதல் தடவை என்றால் அனுதாபப்படலாம். நான்கு வருடம் முன்பு, 1836-ல், ஸ்ட்ராஸ்பூர்கிலும் இதே நாடகம் நடந்திருந்தது. ஒரு முகாம் ஜே போட்டது. அடுத்த முகாமில், 'இவன் நெப்போலியன் வீட்டுப் பிள்ளையே இல்லை, போலி' என்று யாரோ கத்த, சில மணி நேரத்தில் திரை விழுந்தது. அரசர் லூயி ஃபிலிப் பெருந்தன்மையாக, கைச்செலவுக்கும் கொடுத்து, அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி விட்டார். கூட்டாளிகளை ஸ்ட்ராஸ்பூர்க் ஜூரி விடுதலையே செய்தது. மோசமான சகுனம் அது, அரசர் கவனிக்கவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு கதாநாயகர் உண்டு. அடோல்ஃப் தியேர். குள்ள உருவம், மூக்குக் கண்ணாடி, கீச்சுக் குரல், நாட்டிலேயே மிகப் பெரிய மூளை என்று தன்னைப் பற்றி அசையாத அபிப்பிராயம். நெப்போலியனின் சவப்பெட்டியைச் செயின்ட் ஹெலினாவிலிருந்து பாரிஸுக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டை 1840-ல் பிரதமராகத் தொடங்கி வைத்தவர் இவர்தான். மக்களுக்குப் பழம்பெருமை என்ற தீனியைப் போட்டால், நிகழ்காலத்தில் விவகாரம் பண்ண மாட்டார்கள் என்பது கணக்கு. போலோனில் லூயி கொண்டுவந்த நோட்டீஸைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கை: தற்காலிக அரசின் தலைவராக அதில் அறிவிக்கப்பட்டிருந்தவர் இதே தியேர். தியேருக்கே தெரியாது. ஆக, அதே ஆண்டில் பெரியப்பாவின் பிணத்துக்கு அரசு வரவேற்பு. பெரியப்பா பெயரைச் சொன்ன பிள்ளைக்கு ஆயுள் சிறை.

சிறை என்றால் ஹாம் கோட்டை. புத்தகம், விருந்தாளிகள், சலவைக்கு வந்த பெண் மூலம் இரண்டு ஆண் குழந்தைகள் என்று வாழ்க்கை ஓடியது. 'ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்தேன்' என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொள்வார். படித்ததோடு நிற்காமல், வறுமையை ஒழிப்பது எப்படி என்று 1844-ல் ஒரு புத்தகமும் எழுதினார். தரிசு நிலத்தை ஏழைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துக் குடியேற்ற வேண்டும் என்பது சாரம். கணக்கு உதைத்தது, ஆனால் தலைப்பு அபாரம். இடதுசாரிகள் பலர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, 'பையன் நம்ம ஆள்' என்றார்கள். தேர்தல் அறிக்கைகளைப் படிக்கும் முறை அன்றைக்கும் அதுதான்.

1846 மே மாதம் கோட்டையில் மராமத்து வேலை. லூயி மீசையை மழித்தார், கொத்தனார் உடையும் விக்கும் மாட்டினார், வாயில் புகைபிடிக்கும் மண்குழாய், தோளில் தன் புத்தக அலமாரியிலிருந்து பிடுங்கிய பலகை. அப்படியே வாசலை நோக்கி நடந்தார். நடுவழியில் காவலன் முன்னால் மண்குழாய் விழுந்து உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். இவர் குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கி எடுத்தார். ஏழைத் தொழிலாளி குழாயை எப்படி விட்டுப் போவான்! உள்ளே டாக்டர், கட்டிலில் பொம்மையைப் போர்த்திப் படுக்க வைத்து, 'இளவரசருக்குப் பேதி, தொந்தரவு செய்யாதீர்கள்' என்று மாலைவரை சமாளித்தார். ஆயுள் முழுக்க இந்த மனிதர் செய்த ராணுவ நடவடிக்கைகளில் திட்டமிட்டபடி நடந்தவை மிகச் சில. அதில் முதலாவது இதுதான்.

இனி பிரான்சின் நிலவரம். லூயி ஃபிலிப்பின் ஆட்சியில் நாடாளுமன்றம் இருந்தது, பத்திரிகை இருந்தது, காரசாரமான விவாதம் இருந்தது. ஓட்டு மட்டும் இல்லை. மூன்றரைக் கோடி மக்களில் சுமார் 2.4 லட்சம் பேருக்குத்தான் வாக்குரிமை. ஆண்டுக்கு 200 ஃபிராங்க் நேரடி வரி கட்டினால் நீங்கள் குடிமகன், 199 கட்டினால் வேடிக்கை பார்ப்பவன். வாக்குரிமையை விரிவாக்குங்கள் என்றவர்களுக்கு கீஸோ என்ற பேரறிஞர் கொடுத்த பதில், பணக்காரர் ஆகிக்கொள்ளுங்கள் என்பதாகவே நாட்டின் காதில் விழுந்தது. அரசியல் கூட்டத்துக்குத் தடை. சரி, கூட்டத்துக்குத்தானே தடை, சாப்பாட்டுக்கு இல்லையே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் விருந்து வைத்தார்கள். டிக்கெட் வாங்கினால் கன்றுக்குட்டி இறைச்சி, அதைத் தொடர்ந்து மணிக்கணக்கில் சொற்பொழிவு. 1848 பிப்ரவரியில் பாரிஸ் விருந்துக்கும் அரசு தடை போட்டது. இரண்டே நாளில் அரசரே இல்லை. 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில், கண்ணாடி மாட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பந்தியைக் கலைத்துப் பதவி இழந்த மன்னர் வரலாற்றில் அதிகம் பேர் இல்லை.

ஒரே ராத்திரியில் வாக்காளர் எண்ணிக்கை 2.4 லட்சத்திலிருந்து 90 லட்சத்துக்கு மேல் போயிற்று. ஆண்கள் மட்டும்தான். 'அனைவருக்கும் வாக்குரிமை' என்று எழுதியவர்களுக்குப் பெண்கள் நினைவுக்கு வர 1944 ஆயிற்று. அது இருக்கட்டும். லண்டனில் அதே ஆண்டு ஏப்ரலில், அனைத்து ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டு சார்ட்டிஸ்டுகள் ஊர்வலம் போனார்கள். அவர்களைச் சமாளிக்கச் சேர்க்கப்பட்ட விசேஷக் காவலர்களில் ஒருவராகக் கையில் தடியோடு தெருவில் நின்றவர் லூயி நெப்போலியன். நாளைக்கு இவர்தான் சர்வஜன வாக்குரிமையின் காவலர்.

புதிய குடியரசு கவிஞர்களால் ஆனது. லாமார்த்தீன் பேசினால் கல்லும் கரையும். ஆனால் கஜானா கரைந்திருந்தது. நேரடி வரியில் ஒவ்வொரு ஃபிராங்குக்கும் கூடுதலாக 45 சாந்தீம் கட்டு என்று உத்தரவு போட்டார்கள். பாரிஸில் சகோதரத்துவம் என்று கொடி பறந்த அதே வசந்தத்தில், கிராமத்து விவசாயி வாசலில் வரி வசூலிப்பவன் நின்றான். அவனைப் பொறுத்தவரை குடியரசு என்றால் 45 சாந்தீம். ஜூனில், வேலையில்லாதவர்களுக்கென்று தொடங்கிய தேசியப் பட்டறைகளை மூடப் போக, பாரிஸ் தொழிலாளிகள் தடுப்பரண் போட்டார்கள். ஜெனரல் கவேன்யாக் பீரங்கியால் பதில் சொன்னார். நான்கு நாளில் ஆயிரக்கணக்கில் பிணம். ஆக ஆறு மாதம் முடிவதற்குள் கிராமத்தானும் வெறுத்தான், பட்டணத்துத் தொழிலாளியும் வெறுத்தான். இவ்வளவு திறமையாக இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும்.

அரசியல் சட்டம் எழுதும் வேலை நடந்தது. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றது குழு. ஜூல் கிரெவி என்ற வக்கீல் எழுந்து, இப்படி ஒரு பதவியே வேண்டாம், லட்சக்கணக்கான ஓட்டோடு ஒருவன், அதுவும் ஆண்ட குடும்பத்துப் பிள்ளை, வந்து உட்கார்ந்தால் இந்தச் சபையை மதிப்பானா என்று கேட்டார். லாமார்த்தீன் பதிலுக்கு அற்புதமாக ஒரு சொற்பொழிவு ஆற்றி, ஆண்டவனும் மக்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று முடித்தார். கிரெவிக்கு 158 ஓட்டு, எதிராக 643. நல்ல தமிழில் சொன்னால், கைதட்டல் வாங்கியவர் ஒருவர், சரியாகச் சொன்னவர் இன்னொருவர்.

ஆண்ட குடும்பத்தார் போட்டியிடக் கூடாது என்று தூரே என்பவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்குள் லூயி இடைத்தேர்தலில் ஜெயித்துச் சபையில் வந்து உட்கார்ந்திருந்தார். அக்டோபர் 9 அன்று பதில் சொல்ல மேடையேறினார். தடுமாறினார். ஜெர்மன் வாடையில் நாலு வாக்கியம், இறங்கிவிட்டார். சபையில் சிரிப்பு. தூரே எழுந்தார்: இப்போது கேட்டதற்குப் பிறகு என் திருத்தம் அநாவசியம் என்று தெரிகிறது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். சபை மறுபடி சிரித்தது. மேடையில் பேச வராதவனால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று, மேடைப் பேச்சாளர்கள் நிறைந்த ஒரு சபை முடிவுகட்டியதில் ஆச்சரியம் என்ன? வெளியே இருந்த விவசாயி அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது பெரியப்பாவின் படம்.

தியேர் கணக்குப் போட்டார். அரச குடும்பத்து விசுவாசிகள், பெரும் பணக்காரர்கள், பாதிரிமார் எல்லாரும் சேர்ந்த 'ஒழுங்குக் கட்சி'க்கு ஜெயிக்கிற வேட்பாளர் வேண்டும். லூயியை ஆதரிப்பது என்று தீர்மானம். 'ஒரு மடையன், நாம் ஆட்டி வைக்கலாம்' என்று தியேர் சொன்னதாகப் பேச்சு. சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்க அவருடைய குணத்தில் இடமில்லை. விக்தோர் ஹ்யூகோவின் குடும்பப் பத்திரிகையும் லூயி பக்கம் நின்றது. இதே ஹ்யூகோதான் பின்னால் 'குட்டி நெப்போலியன்' என்று புத்தகம் போட்டுத் திட்டித் தீர்த்தார்.

டிசம்பர் 10. தொழிலாளிக்கு வறுமை ஒழிப்புப் புத்தகம் எழுதியவர். முதலாளிக்கு ஒழுங்கைக் காப்பவர். பாதிரியாருக்கு மதத்தின் நண்பர். பழைய சிப்பாய்க்கு மாஸ்கோ பனியில் கூட நடந்தவரின் ரத்தம். விவசாயிக்கு 45 சாந்தீம் கேட்காத முகம். ஒரே ஆள். லூயி நெப்போலியனுக்கு 54 லட்சம் ஓட்டு, நூற்றுக்கு 74. கவேன்யாக்குக்கு 14 லட்சம். லாமார்த்தீனுக்குச் சுமார் 18 ஆயிரம். மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அல்லவா, பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் டெபாசிட் கிடையாது என்பதால் கவிஞருக்கு அதுவாவது மிஞ்சியது.

இந்த இடத்தில் இன்றைய விமர்சகர்கள் பாப்புலிசம் என்று தலையில் அடித்துக்கொண்டு, படிக்காத கூட்டம் பாழ்படுத்திவிட்டது என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அடுத்த மூன்று வருடம் படித்த கூட்டம் என்ன செய்தது என்று பாருங்கள்.

1850 வசந்தத்தில் பாரிஸ் இடைத்தேர்தலில் இடதுசாரிகள் ஜெயித்தார்கள். ஏப்ரலில் ஜெயித்தவர் யூஜின் ஸ்யூ. தொடர்கதை எழுத்தாளர், 'பாரிஸ் ரகசியங்கள்' எழுதிப் பெயர் வாங்கியவர். ஒரு தொடர்கதைக்காரர் எம்.பி. ஆனதும் ஒழுங்குக் கட்சிக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. மே 31 அன்று ஒரு சட்டம் போட்டார்கள். வாக்குரிமை பறிப்பு என்ற பேச்சே அதில் கிடையாது. பெரிய மனிதர்கள் அல்லவா? ஓட்டுப் போட வேண்டுமானால் ஒரே ஊரில் மூன்று வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும், அத்தாட்சி வரிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ரயில் பாதை போடப் போனவன், அறுவடைக்கு ஊர் ஊராகப் போனவன், வாடகை ஏறியதால் பக்கத்து ஊருக்குப் பெட்டி தூக்கியவன், எல்லாரும் அவுட். 96 லட்சம் வாக்காளர்களில் சுமார் 30 லட்சம் பேர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். விவாதத்தில் தியேர் மேடையேறி, நாங்கள் விலக்குவது மக்களை அல்ல, 'இழிந்த கும்பலை' என்று விளக்கினார். விளக்காமலே இருந்திருக்கலாம்.

ஜனாதிபதி லூயி அந்தச் சட்டத்தைத் தடுத்தாரா? மூச்சு விடவில்லை. அவருடைய அரசே கொண்டுவந்த மசோதா அது. சபை தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடும்போது குறுக்கே போவானேன்? புது ரயிலில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். பாலம் திறப்பார், பதக்கம் குத்துவார், குழந்தைகளின் கன்னத்தைத் தட்டுவார். சத்தோரியில் குதிரைப்படை அணிவகுப்பு முடிந்ததும் சிப்பாய்களுக்கு சாசேஜும் ஷாம்பெய்னும் ஓடின. 'சக்கரவர்த்தி வாழ்க' என்ற கோஷம் தானாக வந்தது. அணிவகுப்பில் கோஷம் போடாதே என்று தடுத்த ஜெனரலுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சபையின் பக்கம் நின்ற ஜெனரல் ஷாங்கார்னியேவின் பதவியும் 1851 ஜனவரியில் போயிற்று. அவர் அசரவில்லை. நான் இருக்கிறேன், நீங்கள் நிம்மதியாக விவாதியுங்கள் என்று ஜூனில் சபைக்கு வாக்குக் கொடுத்தார். சபை நிம்மதியாக விவாதித்தது.

சிக்கல் என்னவென்றால் அரசியல் சட்டப்படி ஜனாதிபதிக்கு நான்கே வருடம், அடுத்த தடவை நிற்க முடியாது. லூயிக்கோ கழுத்துவரை கடன். திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 446 பேர் ஆதரித்தும் போதவில்லை. அப்போதுதான் மனிதர் ஞானோதயம் பெற்றார். 1851 நவம்பரில், ஐயோ, 30 லட்சம் ஏழைகளின் ஓட்டைப் பறித்துவிட்டார்களே, மே 31 சட்டத்தை ரத்து செய்யுங்கள் என்று சபைக்குச் செய்தி அனுப்பினார். சபைக்கு இது கடைசி வாய்ப்பு. 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டு செல்லாமல் போயிருக்கும். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் 'முடியாது' என்றார்கள்.

டிசம்பர் 1 இரவு. எலிசே மாளிகையில் வழக்கமான வரவேற்பு. லூயி சிரித்த முகமாக விருந்தினரை உபசரித்தார். அவருடைய தாய்வழித் தம்பி மோர்னி (ஒர்த்தான்ஸ் அம்மாள் இன்னொருவர் மூலம் பெற்ற பிள்ளை, அந்தக் குடும்ப மரத்தில் கிளைகளுக்குப் பஞ்சமில்லை) நாடகம் பார்க்கப் போனார். சபையைப் பெருக்கித் தள்ளப் போகிறார்களாமே, உங்கள் கதி என்ன என்று ஒரு சீமாட்டி கேட்டாராம். துடைப்பத்தின் கைப்பிடிப் பக்கம் நிற்கப் பார்க்கிறேன் என்றாராம் மோர்னி. நள்ளிரவில் அரசு அச்சகத்தைச் சிப்பாய்கள் சூழ்ந்தார்கள். சுவரொட்டி வாசகத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அச்சுக் கோப்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரி. முழுசாக என்ன எழுதியிருக்கிறது என்று கோப்பவருக்கே தெரியாது. ஜன்னல் பக்கம் போனால் சுடச் சொல்லி உத்தரவு. விடிவதற்குள் எழுபதுக்கு மேற்பட்ட வீடுகளில் போலீஸ் கதவைத் தட்டியது. நாட்டின் மிகப் பெரிய மூளை இரவு உடையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நான் மக்கள் பிரதிநிதி, என்னைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று வாதாடியது. மடையனை ஆட்டி வைக்கும் திட்டம் இவ்வாறாக மாஸா சிறைச்சாலையில் முடிந்தது. ஷாங்கார்னியே? அவரையும் படுக்கையிலிருந்து எழுப்பித்தான் கூட்டிப் போனார்கள். அவர் வாக்களித்த நிம்மதி அவருக்காவது விடியும்வரை கிடைத்தது.

காலையில் பாரிஸ் எழுந்து சுவரைப் படித்தது. சபை கலைக்கப்பட்டது. அடுத்த வரி: மே 31 சட்டம் ரத்து, அனைவருக்கும் மீண்டும் வாக்குரிமை.

இரண்டும் ஒரே சுவரொட்டியில். ஜனநாயகத்தை மூடியவரும் திறந்தவரும் ஒரே ஆள், ஒரே கையெழுத்து. நாடாளுமன்றத்தை விரும்பியவர்கள் வாக்காளனை வெறுத்தார்கள். வாக்காளனை விரும்புவதாகச் சொன்னவர் நாடாளுமன்றத்தைப் பூட்டினார். இரண்டையும் சேர்த்துக் கேட்ட மூன்றாவது கட்சி அன்றைக்குப் பலவீனமாக இருந்தது.

சுமார் 220 உறுப்பினர்கள் ஒரு வட்ட அலுவலகத்தில் கூடி, ஜனாதிபதி பதவி இழந்தார் என்று தீர்மானம் போட்டார்கள். சிப்பாய்கள் வந்து எல்லாரையும் வரிசையாக நடத்திக் கூட்டிப் போனார்கள். ஜனநாயகம் பற்றி உலகமே படிக்கும் புத்தகத்தை எழுதிய டோக்வில்லும் அந்த வரிசையில் இருந்தார். பாரிஸ்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மறுநாள் தொழிலாளர் பேட்டையான செயின்ட் ஆந்த்வானில் சில இடதுசாரி உறுப்பினர்கள் தடுப்பரண் போட்டு, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். உங்கள் 25 ஃபிராங்குக்காக நாங்கள் சாக வேண்டுமா என்று தொழிலாளிகள் கேட்டார்கள். எம்.பி.யின் ஒரு நாள் படி அது. அவர்களுக்குப் பல நாள் கூலி. போதன் என்ற டாக்டர் எம்.பி., 25 ஃபிராங்குக்கு எப்படிச் சாகிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்லி அரணில் ஏறினாராம். சுட்டார்கள், செத்தார். மே 31 சட்டத்தை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர் அவர். குண்டு அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் பாரிஸ் பெருஞ்சாலையில் வேடிக்கை பார்த்த கூட்டத்தின் மீதே குண்டுகள் பாய்ந்தன. நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

வழக்கமாக எல்லாரும் விட்டுவிடும் ஒரு சங்கதி இங்கே உண்டு. தெற்கே, மலைப்புறத்துக் கிராமங்களில், விவசாயிகளும் தக்கை அறுப்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் பல்லாயிரக்கணக்கில் கிளம்பினார்கள். வேட்டைத் துப்பாக்கி, கவைக்கோல், அரிவாள். அரசியல் சட்டத்தைக் காப்பாற்றத்தான். தீஞ் என்ற மாவட்டத் தலைநகரையே சில நாள் பிடித்து வைத்திருந்தார்கள். தியேர் சொன்ன 'இழிந்த கும்பல்' இதுதான். கனவான்கள் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கும்பல் அதற்காக நடந்தே போனது. பிற்பாடு கைதானவர்கள் 26 ஆயிரத்துக்கும் மேல். அதில் சுமார் ஒன்பதரை ஆயிரம் பேருக்கு அல்ஜீரியாவுக்கு நாடு கடத்தல் தண்டனை. தியேர் சில மாதம் வெளிநாட்டில் ஓவியங்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1852-லேயே வீடு திரும்பினார்.

அப்புறம் வாக்கெடுப்பு. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. 'ஆம்' சீட்டு அச்சடித்து ஊரெல்லாம் கிடைத்தது. 'இல்லை' சீட்டை அச்சடித்துக் கொடுக்கும் தைரியம் எந்த அச்சகத்துக்கும் இல்லை. ஆம் 74 லட்சம், இல்லை 6.4 லட்சம். ஒரு வருடம் கழித்து, சக்கரவர்த்தி ஆகட்டுமா என்று இன்னொரு கேள்வி. ஆம் 78 லட்சம். லூயி நெப்போலியன் இனி மூன்றாம் நெப்போலியன். இரண்டாவது யார் என்று கேட்காதீர்கள்; அது பட்டம் கட்டாமலே செத்துப்போன பெரியப்பா மகன்.

1848-ன் குடியரசு, புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியாவுக்கும் பாரிஸ் சபையில் ஓர் இடம் கொடுத்திருந்தது. மக்கள் மேல் உயிரையே வைத்திருந்த புதிய ஆட்சி அதையும் எடுத்துவிட்டது. இவர் போன பிறகு, 1871-ல்தான் அந்த நாற்காலி திரும்பி வந்தது.

சக்கரவர்த்தியின் பதினெட்டு வருடத்தை இங்கே நீட்ட வேண்டியதில்லை. அகலத் தெரு, ரயில், வங்கி எல்லாம் வந்தன, நிஜமாகவே வந்தன. தேர்தலும் தவறாமல் நடந்தது. ஆனால் வெள்ளைத் தாளில் சுவரொட்டி போடும் உரிமை அரசு வேட்பாளருக்கு மட்டும். பத்திரிகைக்கு இரண்டு எச்சரிக்கை, பிறகு பூட்டு. பேரரசு என்றாலே அமைதி என்று 1852-ல் பேசியவர் கிரிமியா, இத்தாலி, மெக்சிகோ என்று ஒவ்வோர் அமைதியாக முடித்துவிட்டு பிரஷ்யாவுக்கு வந்தார். 1870 மே மாத வாக்கெடுப்பில் 73 லட்சம் பேர் ஆம் என்றார்கள். செப்டம்பர் 2, செடானில் படையோடு சரண். 4-ஆம் தேதி பாரிஸில் குடியரசு. நான்கு மாதம் முன்பு ஆம் என்ற 73 லட்சம் பேரில் அவரைக் காப்பாற்ற ஓர் ஆள் தெருவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பங்குக்கு ஓட்டுப் போட்டாயிற்று. அதற்கு மேல் எதையும் செய்ய அந்த ஆட்சி அவர்களைப் பழக்கவில்லை.

அடுத்த தலைவர் யார்? வேறு யார், தியேர்தான். சபை தேர்ந்தெடுத்தது. அதே 1871-ல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியை ரத்தத்தில் முக்கியெடுத்தார். கும்பலைப் பற்றிய அவர் கருத்தில் மாற்றமில்லை. 1848-ல் சூடுபட்ட பிரெஞ்சுக் குடியரசுக்காரர்கள் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடம் திரும்பக் கொடுக்கவே இல்லை. டி கோல் வந்து 1962-ல் பிடிவாதமாகச் சட்டத்தை மாற்றி, 1965-ல் தேர்தல் நடத்தும்வரை, 117 வருடம் அந்தப் பயம் நீடித்தது. 30 லட்சம் பேரின் ஓட்டை வெட்டியதைப் பற்றி அப்படி யாரும் பயந்ததாகக் காணோம்.

ஜனாதிபதிப் பதவியே வேண்டாம் என்று 1848-ல் மன்றாடிய ஜூல் கிரெவி, 1879-ல் ஜனாதிபதி ஆனார். கிட்டத்தட்ட ஒன்பது வருடம் உட்கார்ந்தார். எலிசே மாளிகையிலேயே குடியிருந்த அவருடைய மருமகன் அரசு பதக்கங்களுக்கு ரேட் போட்டு விற்றது அம்பலமாகி, மாமனார் வெளியேற வேண்டியதாயிற்று. அவர் ராஜினாமா செய்தது 1887-ல், டிசம்பர் 2-ஆம் தேதி.